பின்சீட்டுக்கு அடியில் இருந்த சிவப்பு: ஒரு கான்டெஸாவின் பெயிண்ட் தேர்வு

அக்டோபர் மழைக்கு நடுவே, ஒரு வேனின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அந்த கான்டெஸாவை கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். எண் பலகையில் டி.என். 29. கிருஷ்ணகிரி இன்னும் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்த காலத்து வண்டி, 1993 மாடல். பர்கூருக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அப்பா ஓட்டிய வண்டியை மகன் பழையபடி எழுப்பி நிறுத்த விரும்பினார்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் இது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் விற்ற விஎக்ஸ் வரிசையின் உடலைத்தான் இதற்கு எடுத்துக்கொண்டார்கள். நீண்ட பானெட், தட்டையான பக்கவாட்டு, பின்சக்கர இயக்கம் ஆகியவற்றால், பெரிய என்ஜினும் வேகமும் கொண்ட அமெரிக்க மசில் கார்களின் சாயல் இதற்கு வந்துவிட்டது. ‘இந்திய மசில் கார்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. என்ஜின் அந்தப் பெயருக்கு ஈடாக இருந்ததா என்பது வேறு பேச்சு. பெயிண்ட் வேலை செய்பவனுக்கு முக்கியம் அந்த உடல்தான். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை நேர்க்கோடாக ஓடும் பக்கத் தகட்டில் ஒரு சிறு பள்ளம் இருந்தாலும் பளபளப்பான பூச்சு அதை ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

மகன் கைபேசியில் ஒரு படம் வைத்திருந்தார். 1960களின் அமெரிக்க கார் ஒன்று, பழரச மிட்டாய் போல உள்ளிருந்து ஒளிரும் சிவப்பில் நின்றது. “இதே போல வேண்டும் அண்ணா. கிளியர் ஐந்து கோட் அடித்துவிடுங்கள். போன முறை மட்டமான கிளியர் அடித்து ஏமாற்றிவிட்டார்கள். இந்த முறை எவ்வளவு விலை ஆனாலும் பரவாயில்லை” என்றார். நிறத்தின்மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற, பளபளப்பான பூச்சைத்தான் கிளியர் என்போம்.

எட்டு வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் அடித்த வெள்ளி கலந்த சிவப்பு அப்போது வண்டியின் மேல் இருந்தது. பானெட்டிலும் கூரையிலும் கிளியர் தோல் உரிந்து தொங்கியது. கதவுகளின் அடிப்பாகம் முழுக்கக் கொப்புளம். இரண்டையும் பார்த்துவிட்டு, குற்றம் கிளியர் டப்பாவில்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் தம்பி என்று சொல்லி வண்டியை உள்ளே தள்ளினேன். எந்த நிறம், எந்தக் கிளியர் என்ற கேள்விக்கு அடியில் இருப்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. இருபது வருடத் தொழிலில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கொப்புளத்துக்குள் இருந்தது

இடது பின்கதவின் கீழ்விளிம்பில் வேர்க்குரு போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக இருந்தன. ஊசியால் ஒன்றைக் குத்தினேன். கண்ணீர்த் துளி அளவு நீர் வெளியே வந்தது. அதை ஒரு கண்ணாடித் துண்டில் தொட்டு வைத்து, வெயிலில் காயவிட்டேன். சற்று நேரத்தில் கண்ணாடியில் வெள்ளை வளையம் படிந்தது. எங்கள் பகுதியில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் பாத்திரத்தின் விளிம்பில் பார்க்கக்கூடிய அதே வெள்ளை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது. பெயிண்டுக்கு ஆகாதது அந்த நீரில் கரைந்திருக்கும் மற்ற உப்புகள். முந்தைய வேலையில், பள்ளங்களை நிரப்பிய பட்டியை உப்புத்தாளால் தேய்க்கும்போது போர்வெல் தண்ணீரை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். பாலியஸ்டர் பட்டி தண்ணீரைப் பஞ்சு போலக் குடிக்கும். மேலே தண்ணீர் காய்ந்துபோனாலும் உப்பு உள்ளே தங்கிவிடும். பெயிண்ட் படலம் பார்வைக்குத்தான் முழு மூடி. நீராவி அதற்குள் மெல்லப் போய் வரும். மழைக்காலத்தில் உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்துச் சேர்க்கிறது, அழுத்தம் ஏறுகிறது, பலவீனமான இடத்தில் படலம் மேலெழும்புகிறது. அதன்மேல் உலகத்திலேயே விலை உயர்ந்த கிளியரை அடித்திருந்தாலும் இதே கொப்புளம் வந்திருக்கும்.

பானெட்டின் நோய் வேறு. உரிந்த கிளியரில் நகத்தளவு துண்டு ஒன்றைக் கிழியாமல் எடுத்து, பக்கத்து லேத் பட்டறையில் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தேன். 0.02 மில்லிமீட்டர், அதாவது 20 மைக்ரான். ஒரு கிளியர் படலம் வெயிலைத் தாங்கி நிற்க 50 முதல் 60 மைக்ரான் வேண்டும். அடித்தபோதே இவ்வளவு மெல்லியதாக இருந்திருக்க முடியாது. வருடந்தோறும் பளபளப்புக்காக பஃபிங் மிஷின் போட்டதாக மகனே சொன்னார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளியர் மாவாகி வெளியே போயிருக்கிறது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் கிளியருக்குள் கலந்திருக்கிறது. கிளியர் மெலிந்தால் அந்தக் காவலும் மெலியும். கதிர் நேராக அடியில் உள்ள நிறப் படலத்தைத் தாக்கி, அதன் மேற்பரப்பைப் பொடியாக்கியிருக்கிறது. பிடிமானம் போன பிறகு கிளியர் உரிவதற்கு ஒரு கோடை போதும்.

அடுத்து பானெட்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை 320 எண் உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தேன். மரத்தை அறுத்தால் தெரியும் வயது வளையம் போல அடுக்குகள் வரிசையாக வெளிவந்தன. கிளியர், வெள்ளிச் சிவப்பு, நிறத்துக்கு அடியில் பரப்பைச் சமன்செய்யும் சாம்பல் நிற சர்ஃபேசர், பழைய ஆரஞ்சுச் சிவப்பு ஒன்று, அதற்கடியில் மங்கலான கருஞ்சிவப்பு, கடைசியில் தகடு. வெள்ளைத் துணியில் லாக்கரைக் கரைக்கும் என்.சி. தின்னரைத் தொட்டு அந்த ஆரஞ்சுச் சிவப்பின்மேல் அரை நிமிடம் வைத்தேன். துணி சிவந்துவிட்டது. கரைகிறது என்றால் அது லாக்கர். எப்போதோ யாரோ இடையில் ஒரு முறை லாக்கர் அடித்திருக்கிறார்கள்.

நம் ஊர்த் தச்சர்களும் பெயின்டர்களும் இன்றும் ‘டூக்கோ’ என்று சொல்வது இந்த வகையைத்தான். டுபாண்ட் நிறுவனம் 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் வணிகப் பெயர் அது. நூறு வருடம் ஆகியும் பட்டறைப் பேச்சில் வாழ்கிறது. சீக்கிரம் காயும், அழகாகப் பளபளக்கும். ஆனால் எத்தனை வருடமானாலும் தின்னர் பட்டால் இளகிவிடும். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பெயிண்டின் கரைப்பான் அதற்குள் இறங்கினால், அடியில் உள்ளது ஊறிச் சுருங்கி மேலே உள்ளதையும் பால் ஆடை போல மடித்துவிடும்.

பூச்சின் மொத்தத் தடிமனைக் காட்டும் அளவுமானியில் கூரை 290 மைக்ரான், பானெட் 340, கதவின் அடியில் 900க்கு மேல் காட்டியது. யாரும் கைவைக்காத கதவுத் தூணின் உட்புறத்தில் 110. இதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. முழுவதையும் தகடு வரை இறக்கியாக வேண்டும். செலவு இரட்டிப்பாகும் என்று சொன்னபோது மகன் முகம் வாடியது. கண்ணாடித் துண்டில் இருந்த வெள்ளை வளையத்தைக் காட்டிய பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

நிறம்

பின்சீட்டைக் கழற்றிய அன்று அப்பாவும் வந்திருந்தார். எழுபத்தைந்து வயது. இருக்கைக்கு அடியில் வெயிலே படாத தகட்டில் ஆலையின் முதல் பூச்சு அப்படியே இருந்தது. முற்றிய மாதுளை முத்தின் நிறம்; வெள்ளித் துகள் கலக்காத, கனமான கருஞ்சிவப்பு. ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, “ஐயா, இதுவா?” என்று கேட்டேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “இதேதான். இந்த நிறத்துக்காகத்தான் இன்னொரு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை எடுத்தேன்” என்றார். மகன் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றோடு மிட்டாய்ச் சிவப்புப் பேச்சு முடிந்தது.

அப்பாவின் நினைவு ஒருபுறம் இருக்கட்டும். மிட்டாய்ச் சிவப்பை நான் தொழில் காரணத்துக்காகவும் மறுத்திருப்பேன். வெள்ளி அல்லது தங்க நிறப் படலத்தின்மேல் ஒளி ஊடுருவும் சாயப் பூச்சை அடுக்கடுக்காக அடிப்பது அது. ஒரு அடுக்கு கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறும். ஒரே ஒரு கல் தெறித்தால்கூட அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுப் பகுதியையும் திரும்ப அடிக்க வேண்டும். இந்த வண்டி ஓடப்போவது கிரானைட் லாரிகள் இரவு பகலாக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44இல். அந்தச் சாலையில் பானெட்டுக்குக் கல்லடி நிச்சயம்.

இருக்கைக்கு அடியில் இருந்த நிறத்தை ஓசூரில் உள்ள ஒரு கலவைக் கடையின் கருவியால் படித்து, மூன்று மாதிரி கலந்தோம். முதலாவதில் நீலம் தூக்கலாக இருந்தது. கடை விளக்கில் பொருந்திய இரண்டாவது, வெயிலில் பிரிந்து நின்றது. மூன்றாவதைக் காலை, உச்சி, மாலை என மூன்று வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தோம். நிறத்தைக் கடைக்குள் நின்று முடிவு செய்யாதீர்கள்.

நான்கு தகடுகள்

இனி பெரிய கேள்வி. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் வரும் ஒற்றை அடுக்கு டூ-கேயா, அல்லது நிறத்துக்கு ஒரு பேஸ் கோட்டும் அதன்மேல் கிளியருமா?

பழைய கார் ஆர்வலர்களிடையே இது தீராத வாதம். அமெரிக்க மசில் கார்களின் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கரையும், ஃபோர்டும் கிரைஸ்லரும் அக்ரிலிக் எனாமலையும் ஆலையில் பயன்படுத்தின. பேஸ் கோட்டும் கிளியரும் ஆலைகளில் பரவலானது 1980களில். அதனால் அந்தக் கால வண்டிக்குக் கிளியர் அடித்தால் அதன் தோற்றம் பொய்யாகிவிடும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஒற்றை அடுக்குச் சிவப்பில் ஒரு மென்மை உண்டு; நிறத்துக்கும் கண்ணுக்கும் நடுவே கண்ணாடி போட்டது போலத் தெரியாது. மனதளவில் நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் வண்டி நிற்கப்போவது தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகையில். அதனால் நான்கு தகடுகளில் அடித்து, பட்டறை மாடியில் நவம்பர் முதல் ஜனவரி வரை தொங்கவிட்டேன். இரண்டில் ஒற்றை அடுக்கு; இரண்டில் பேஸ் கோட்டின்மேல் கிளியர். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அப்படியே விட்டோம். மற்றொன்றின்மேல் தினமும் காலையில் பட்டறைப் பையன் போர்வெல் தண்ணீரைத் தெளித்து, துடைக்காமல் வெயிலில் காயவிட்டான். மூன்று மாதத்தில் நிறம் வெளுப்பதைப் பார்க்க முடியாது. அது வருடக் கணக்கு. நான் பார்க்க விரும்பியது பனி, கல்தூசி, உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை.

பொங்கல் கழிந்து இறக்கினோம். தண்ணீர் தெளித்த இரண்டு தகடுகளிலும் வெள்ளைப் புள்ளிகள். இரண்டையும் மெல்லிய கம்பவுண்ட் தொட்டு வெள்ளைத் துணியால் கையாலேயே தேய்த்தேன். இரண்டிலும் புள்ளி போனது. ஆனால் கிளியர் தகட்டைத் தேய்த்த துணி வெள்ளையாகவே இருந்தது. ஒற்றை அடுக்கைத் தேய்த்த துணி குங்குமம் துடைத்தது போலச் சிவந்துவிட்டது. இந்த ஊர்த் தண்ணீரில் வண்டியைக் கழுவினால் வருடத்தில் சில முறையாவது இப்படித் தேய்க்க நேரும். ஒற்றை அடுக்கில் ஒவ்வொரு முறையும் துணியோடு போவது நிறம். மேலும் சிவப்பு நிறமிகளில் பல வெயிலுக்குச் சீக்கிரம் தளர்பவை. வெள்ளை வண்டியாக இருந்தால் ஒற்றை அடுக்கே போதும் என்று சொல்லியிருப்பேன். இந்தச் சிவப்புக்குக் கிளியர் வேண்டும். இரண்டு துணிகளையும் மகனிடம் கொடுத்தேன்.

என்ஜின் அறைக்கும் டிக்கியின் உட்புறத்துக்கும் மட்டும் ஒற்றை அடுக்கு என்று முடிவு செய்தோம். அங்கே வெயிலும் இல்லை, துணியும் படாது. பழைய தோற்றம் அங்கேயாவது இருக்கட்டும்.

எத்தனை கோட்

ஐந்து கோட் ஆசையை விடவைக்க இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. கிளியர் தடித்தால் மேல்பகுதி முதலில் இறுகி, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். அது பிறகு வெளியேற முட்டும்போது குண்டூசி முனை அளவு துளைகள் விழும். தடித்த படலம் நாளடைவில் விரிசல் விடவும் செய்யும். திடப்பொருள் அதிகமுள்ள எச்.எஸ். வகைக் கிளியர் இரண்டு கோட்டிலேயே 50 முதல் 60 மைக்ரானை எட்டிவிடும். இறுதி மெருகில் 10 மைக்ரான் வரை போகும் என்பதால், மேல்நோக்கிய பகுதிகளான பானெட், கூரை, டிக்கி மூடி ஆகியவற்றுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு கோட் ஒத்துக்கொண்டேன். கிளியர், ஹார்டனர், தின்னர் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசை. விலை குறைவு என்று ஹார்டனரை மட்டும் வேறு இடத்தில் வாங்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மதிப்பீட்டில் தனி வரியாக எழுதிக் கொடுத்தேன்: பெயின்டருக்குக் காற்றுக் குழாய் இணைத்த முகமூடியின் வாடகை. டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்குக்கு மணம் தெரியும் அளவை எட்டும் முன்பே அது நுரையீரலுக்குக் கேடு செய்யத் தொடங்கிவிடும். ஒரு முறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன்பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா போல மூச்சு இறுகும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்த எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பழகிய ஒருவர் நாற்பது வயதில் தொழிலை விட்டுவிட்டு இன்று மாடி ஏறவே இளைக்கிறார். எந்த வண்டியின் பளபளப்பும் ஒரு மனிதனின் மூச்சுக்கு ஈடாகாது. மகன் அந்த வரிக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேலை

தகடு வரை இறக்கவும், துருப்பிடித்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைக்கவும், டிங்கரிங் முடிக்கவும் 41 நாள் ஆனது. சமமான பரப்புகளை மிஷினாலும், மடிப்புகளைப் பெயிண்ட் ரிமூவராலும் சுத்தம் செய்தோம். பானெட்டில் மணல் வீச்சு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அகலமான தகடு அந்த அடியில் நெளிந்துவிடும். பனிக்காலம் என்பதால் திறந்த தகட்டை ஒரு இரவுகூட விடவில்லை. அன்றன்று சுத்தம் செய்த பகுதிக்கு அன்றன்றே எப்பாக்ஸி பிரைமர். பட்டி அதன்மேல்தான். வெறும் தகட்டில் பட்டி போடும் வழக்கத்தைவிட இதில் ஒரு நாள் கூடும்; துருவுக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு சுவர் நின்றுவிடும்.

பட்டியைத் தேய்க்கும்போது தண்ணீர் தொடவில்லை, முழுக்க உலர் தேய்ப்பு. சர்ஃபேசருக்குப் பிறகு கறுப்புப் பொடி தடவி, இரண்டடி நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தோம். பள்ளத்தில் பொடி தங்கும், மேட்டில் போய்விடும். இடப்பக்க முன்கதவில் பொடி மூன்று முறை தங்கியது. நான்காவது முறைதான் முழுதும் போனது. கடைசித் தேய்ப்புக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அதற்குக் கேன் தண்ணீர் வாங்கினோம். வண்டிக்குக் குடிநீரா என்று பையன்கள் கேட்டார்கள். கொப்புளத்துக் கண்ணாடித் துண்டு இன்னும் என் மேசைமேல்தான் இருந்தது.

பிப்ரவரி நடுவில் வண்டியை லாரியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுபோனோம். எங்கள் கொட்டகையில் துணி கட்டி, தரையை நனைத்து அடித்திருக்கலாம். நூறு மீட்டரில் கல் அறுக்கும் பட்டறை இருக்கும்போது கருஞ்சிவப்புக்கு அது சரிப்படாது. பெயிண்ட் அடிக்க மூடிய, சூடேற்றும் பூத் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்தோம்.

அங்கே ஒரு தவறு நடந்தது, எங்கள் ஆளாலேயே. டிக்கி மூடிக்கு பேஸ் கோட் விழுந்த நொடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் திறந்தன. பெரும்பாலும் சிலிக்கான் பட்டால்தான் இப்படி ஆகும். விசாரித்தால், கிளம்பும் அன்று காலை எங்கள் பட்டறையில் பக்கத்து வண்டியின் டேஷ்போர்டுக்குப் பாலிஷ் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். அந்தத் துணியாலேயே டிக்கி மூடியின் தூசியையும் தட்டியிருக்கிறார்கள். மூடியைக் கழற்றித் தனியே வைத்து, காய்ந்த பிறகு தேய்த்து, சிலிக்கான் நீக்கியால் இரண்டு முறை துடைத்து, மறுநாள் அடித்தோம். அன்றுமுதல் அந்த ஸ்பிரே பட்டறைக்குள் வருவதில்லை.

மற்ற பகுதிகளில் பேஸ் கோட் ஒரே சீராக மூடியது. கோட்டுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி. பேஸ் மங்கிய பிறகு, அதே மதியத்தில் கிளியர். ஸ்பிரே கன்னின் முனைத் துளை 1.3 மில்லிமீட்டர். இரண்டாவது கோட் விழும்போது அந்த மாதுளை நிறம் ஆழத்திலிருந்து எழுந்து வந்தது. பெயின்டர் கன்னைத் தாழ்த்திவிட்டு ஒரு கணம் நின்று பார்த்தார். 60 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டோம்.

மெருகில் முழுக் கண்ணாடிச் சமம் வேண்டாம் என்பது என் முடிவு. 2000, 3000 எண் தாள்களால் தூசிப் புள்ளிகளையும் தூக்கலான இடங்களையும் மட்டும் எடுத்தோம். அந்தக் காலத்து ஆலைப் பூச்சில் இருக்கும் மிக மெல்லிய அலையை விட்டுவைத்தோம். அப்படி விட்டதால் கிளியரும் மிச்சம், தோற்றமும் பழையது.

ஒப்படைக்கும்போது நான்கைந்து விஷயம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் மெழுகு வேண்டாம். வெயிலில் நிறுத்திக் கழுவ வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கழுவினால் காயும் முன் துடைக்க வேண்டும். கடைசிக் குடத்துக்கு மழைநீரோ குடிநீரோ இருந்தால் நல்லது. பஃபிங் மிஷின் என் கண்ணில் படாமல் எங்கும் போடக் கூடாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பரில் வண்டி பார்வைக்கு வந்தது. நான்கு கதவுகளின் அடிவிளிம்பையும் விரலால் தடவினேன், வழவழப்பாகவே இருந்தது. கூரையில் அளவுமானி பிப்ரவரியில் காட்டிய எண்ணையே காட்டியது. பானெட்டின் முன்விளிம்பில் மூன்று கல்லடி, சர்ஃபேசரின் சாம்பல் நிறம் தெரியும் அளவுக்கு. மாங்கூழ் ஆலைக்குப் போகும் வழியில் ஒரு லாரியின் பின்னால் போனபோது பட்டதாம். மீதமிருந்த பேஸ் கோட்டில் 200 மில்லி புட்டியில் அடைத்து, தேதி எழுதி வைத்திருந்தேன். தீக்குச்சி முனையைச் சீவி, ஒரு சொட்டு தொட்டு, மூன்று குழியிலும் வைத்தேன். காய்ந்ததும் கிளியர் ஒரு சொட்டு. அப்பா வண்டிக்குள் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து குனிந்து தேடினார். இரண்டைக் கண்டுபிடித்தார், மூன்றாவது எங்கே என்று என்னைக் கேட்டார்.